ஒரு டைக்கையாவது விட்டுவையுங்கள்

பாலக்கோட்டில் புவியியல் பாடம் நடத்தியவன் நான். புவித்தட்டுகள் பாடத்துக்குப் புத்தகம் காட்டுவது இமயமலையை. அதைப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளியைத் தாண்டித்தான் கறுப்புக் கல் பாளங்களை ஏற்றிய லாரிகள் போகும். தட்டுகள் நகர்ந்ததற்கான ஆதாரம் அந்தப் பாளங்களுக்குள் இருந்தது. மலையை விட்டு வெட்டி எடுத்த நிமிடத்தில் அது போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 'பிளாக் கிரானைட்' என்று விற்கப்படுவது டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளில் எரிகுழம்பு ஏறி, சுவர்போல் உறைந்தது. இந்தச் சுவரை டைக் என்பார்கள். பெங்களூரு, ஹாரோஹள்ளிப் பக்கத்து டைக்குகளின் வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டு. குழம்பு ஆறி 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்போது, அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிகாந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்கின்றன. நிலநடுக்கோட்டருகே அத்திசை கிடையாக இருக்கும்; துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். ஹாரோஹள்ளி வகைக் கற்களில் அது செங்குத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அதாவது, இன்று வெயில் காயும் இந்த நிலம் அன்று துருவத்துக்கு அருகில் கிடந்தது.

இந்த முறையால் இந்தியாவின் நகர்வைக் காட்ட முதலில் முனைந்தவர்களில் ஒருவர் டெட் இர்விங். 1950களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் மாணவராக, தக்காணத்து எரிமலைப் பாறைகளை வரவழைத்து அளந்தார். இந்தியா தெற்கிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே வந்திருக்கிறது என்றது கணக்கு. அவருடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. இன்று உலகம் அவர் பக்கம். வெட்டும் முன்பே ஒவ்வொரு கல்லிலும் திசையைக் குறித்திருந்ததால்தான் அந்த அளவீடே சாத்தியமாயிற்று.

இந்தியாவை வடக்கே எது இழுத்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமிக்குள்ளே குழம்பு கொதித்துச் சுழன்று தட்டைச் சுமந்து போகிறது என்று முன்பு சொல்லிக்கொடுத்தோம். அது பாதி விடைதான். ஆறிக் கனத்த கடல்தட்டு அகழியில் மூழ்குகிறது. கட்டிலின் ஓரத்தில் தொங்கும் போர்வை தன் பாரத்தாலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு சரிவதுபோல, மூழ்கும் பகுதி பின்னால் உள்ளதை இழுக்கிறது. பெரும் விசை இதுதான் என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. இந்தியாவுக்கு முன்னால் இருந்த டெதிஸ் கடலின் தரை அப்படி மூழ்கிய காலத்தில், ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல்கூட நம் நிலம் ஓடியது. ஆசியாவோடு மோதிய பிறகு வேகம் குறைந்தது, ஏனென்றால் கண்டப்பாறை லேசானது, எளிதில் மூழ்காது. இன்றும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஜிபிஎஸ் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதைப் பதிவு செய்கிறது. பாலக்கோடும் அதே தட்டில்தான் இருக்கிறது.

குவாரியை மூடச் சொல்லவில்லை; அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறையையும் திருவக்கரைக் கல்மரங்களையும் தேசியப் புவியியல் சின்னங்களாகக் காப்பாற்றுகிறோம். எங்கள் வட்டாரத்திலும், குத்தகைக்கு ஏலம் விடும் முன்பு, கனிமவளத்துறை நல்ல டைக் ஒன்றையாவது தேர்ந்தெடுத்து, அதன் இருபுறத்துப் பழைய பாறையோடு சேர்த்து ஒதுக்கி வைக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிகளுக்கு வழி விட வேண்டும். வெட்டப்போகும் மற்ற டைக்குகளில், முதல் கல் பெயரும் முன் திசை குறித்த மாதிரிகளை எடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கலாம்.