வீட்டை விட்டு விரட்டாதீங்க!

திருநங்கைகள் உரிமை பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பட்டணத்துச் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பலர் நகர்ந்து விடுகிறோம். ஆனால், நம் பக்கத்துச் சேலத்தைச் சேர்ந்தவர்தானே பிரித்திகா யாஷினி! எஸ்.ஐ. வேலைக்குப் போட்ட மனு தள்ளுபடியானதும், ஐகோர்ட் வரை போய் 2015-ல் ஜெயித்தார். 2017-ல் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார்.

2008-லேயே நம் மாநிலத்தில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தாச்சு. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து விட்டது. நம் வீடுகள்தான் இன்னும் மாறலை. பிள்ளையின் நடை, பேச்சு மாறினாலே அடித்து விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அதுக்குச் சோறு, தங்க இடம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்ப்பது மூத்த திருநங்கைகளும் தொண்டர்களும்தான். பெற்றவங்க கைவிட்டதை, ஊர் பேர் தெரியாதவங்க தாங்கணுமா?

மகளிர் குழுவில் மாசா மாசம் கூடுகிறோமே, சேமிப்புக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் இதையும் பேசலாமே! ஊரில் அப்படியொரு பிள்ளை இருந்தால், "விரட்டிடாதே, படிக்க வை, நாங்க இருக்கோம்" என்று அந்தத் தாய்க்குத் தைரியம் சொல்லலாம். நாலு பொம்பளைங்க கூட நின்றால் ஊர் வாய் தானாக அடங்கும். செய்வோமா சகோதரிகளே?

- ஒரு வாசகி, சேந்தமங்கலம்.