சுதந்திர தினத்தன்று காந்தி எங்கே இருந்தார்? கல்கத்தாவில் நடந்தது என்ன?

1947 ஆகஸ்ட் 15. டெல்லியே விழாக்கோலம். ஆனால் காந்தி அங்கே இல்லை. கல்கத்தா பெலியகட்டாவில், ஹைதரி மன்சில் என்ற வீட்டில் உண்ணாவிரதம் இருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார்.

ஏன் அங்கே?

1946 ஆகஸ்ட் கலவரத்தில் அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அப்போது வங்காளத்தை ஆண்ட சுஹ்ரவர்தி மீது இந்துக்களுக்குக் கடும் கோபம். அதே சுஹ்ரவர்தியைத்தான் தன்னுடன் ஒரே வீட்டில் தங்க வைத்தார் காந்தி. ஊர் அமைதியானது. பஞ்சாபில் 55 ஆயிரம் வீரர்களால் முடியாததை ஒருவர் சாதித்தார் என மவுண்ட்பேட்டன் பாராட்டினார்.

அமைதி நீடிச்சதா?

இல்லை. ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்தது. மறுநாள், 77 வயது காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். கலவரக்காரர்களில் சிலர் ஆயுதங்களுடன் வந்து சரணடைந்தனர்.

எப்படி முடிஞ்சது?

'இனி கலவரம் நடக்காது' என்ற வாய் வார்த்தை மட்டும் காந்திக்குப் போதவில்லை. உயிரைக் கொடுத்தாவது தடுப்போம் என்று இரு தரப்புத் தலைவர்களிடமும் எழுதி வாங்கினார். 73 மணி நேரத்துக்குப் பிறகு, செப்டம்பர் 4-ல் உண்ணாவிரதம் முடிந்தது.

ஆங்கிலேயரை எதிர்த்த அதே அகிம்சை, இந்த முறை நின்றது சொந்த மக்களின் கோபத்துக்கு எதிரே. வெறும் பட்டினியால் மட்டும் வந்த அமைதி இல்லை இது. பொறுப்பைத் தலைவர்கள் தலையில் ஏற்றியதால் வந்தது.