அம்மாவுக்கு மாங்கொட்டைதான் பிடிக்குமாம்

முதலாமாண்டு மாணவியரிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? உடனே பதில்கள் வரும். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் கிடக்க வேண்டும். தோசை ஓரம் சிவந்து முறுகலாக வர வேண்டும். ரசத்தில் பூண்டைத் தட்டித்தான் போட வேண்டும். அண்ணனுக்கு? அதுவும் தெரியும். பல் போன தாத்தாவுக்கு எது இறங்கும் என்பதுகூடத் தெரியும். அம்மாவுக்கு? வகுப்பு கொஞ்சம் யோசிக்கும். "அவங்களுக்கு எல்லாமே பிடிக்கும் மேடம்." "எது மிஞ்சுதோ அதச் சாப்பிட்டுக்குவாங்க." ஒருமுறை ஒரு பெண் மிகுந்த பாசத்தோடு சொன்னாள்: "எங்கம்மாவுக்கு மாங்கொட்டைதான் மேடம் பிடிக்கும்."

எந்த நாக்கு கதுப்பை ஒதுக்கிவிட்டுக் கொட்டையைத் தேடும்? பழத்தை அறுப்பவள் அவள். ஒரு கதுப்பு கணவருக்கு, மறு கதுப்பு பிள்ளைகளுக்கு, பக்கத்துச் சீவல்கள் மாமியாருக்கு என்று கைமாறியபின் அவளிடம் மிஞ்சுவது கொட்டை. முப்பது ஆண்டுகள் அதையே சப்பினால் அதுவே அவளுடைய விருப்பம் என்று வீடு முடிவு செய்துவிடுகிறது. கோழியில் கழுத்து, மீனில் வால், சோற்றில் அடிப்பிடித்தது, குழம்பில் நேற்றையது. மிச்சத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டிய பிறகு யாருக்கும் உறுத்தல் இல்லை.

இது சின்ன விஷயம் என்பார்கள். சின்னதுதான். ஓர் உடல் தனக்கென்று கேட்கக்கூடிய ஆகச் சிறியது இதுதான். அதையே தராத வீடு பெரியதை எப்படித் தரும் என்பதே என் கேள்வி.

நம் இலக்கியத்தில் பெண்ணும் பழமும் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். பெரியபுராணத்தில் காரைக்கால் வணிகன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைச் சோற்றோடு படைக்கிறாள். இன்னொன்றைக் கணவன் உண்கிறான். சுவை பிடித்துப்போய் மற்றதையும் கேட்கிறான். இறைவனை வேண்டிப் பெற்றதைக் கொண்டுவந்து வைக்கிறாள். அது முன்னதைவிட இனிக்க, எங்கே கிடைத்தது என்று விசாரணை தொடங்குகிறது. அவள் உண்மையைச் சொன்னதும் இன்னொன்று வரவழைத்துக் காட்டச் சொல்கிறான். அந்தப் பழம் அவன் கையில் பட்டதும் மறைகிறது. அவன் அஞ்சி ஊரைவிட்டே போய் வேறொருத்தியை மணக்கிறான். ஆக, நான்கு மாம்பழங்கள். ஒன்று அடியாருக்கு, இரண்டு கணவனுக்கு, ஒன்று மாயமாயிற்று. புனிதவதி ஒரு துண்டாவது தின்றதாகச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை. கடைசியில் அவள் தசையை உதறிவிட்டுப் பேயுரு வேண்டிக்கொள்கிறாள். காரைக்காலில் இன்றும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. கூட்டத்தை நோக்கி மாம்பழங்களை இறைக்கிறார்கள். அவளுக்கு மாம்பழம் பிடிக்குமா என்ற கேள்வியை மட்டும் எந்தப் பட்டிமன்றமும் எடுத்ததில்லை.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் எல்லாப் பாடத்திட்டங்களிலும் இடம்பிடிப்பது. புதுமணப்பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். துடைத்த ஆடையை மாற்றவும் நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. நல்ல கவிதை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுடைய மகிழ்ச்சி அவனுடைய நாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அவள் உண்டாளா, அந்தப் புளிப்பு அவளுக்குப் பிடிக்குமா? பார்த்துவந்து சொல்லும் செவிலி அதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பெற்ற தாயும் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பாட்டை இல்லற இன்பத்தின் இலக்கணமாக நாமே நடத்திவருகிறோம்.

கேட்காமல் எடுத்துத் தின்ற பெண் ஒருத்தி உண்டு. அவளையும் குறுந்தொகைதான் காட்டுகிறது, 292ஆம் பாடலில். ஆற்றுக்குக் குளிக்கப் போனவள் வெள்ளம் கொண்டுவந்த பசுங்காயைத் தின்றாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள். அவன் கேட்கவில்லை, கொன்றான். பரணர் அவனைப் பெண்கொலை செய்தவன் என்றே அழைக்கிறார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலின் தலக்கதை இந்தக் கொலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒரு காய் தின்றவளை உயிரோடு விடவில்லை. இறந்தபின் அம்மனாக்கிப் படையல் வைக்கிறோம்.

அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தானே என்பீர்கள். கொடுத்தான். அவள் அவன் வீட்டில் உலைவைத்தவள் அல்லள். அவையில் பாடியவள், தூது போனவள். சமையலறைக்கு வெளியே நின்றவளுக்குத்தான் அந்தப் பழம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பாடம் நடத்த வேண்டும்.

பெண்ணின் நாக்குக்குத் தமிழ்ச் சமூகம் அனுமதிச்சீட்டு கொடுக்கும் காலம் ஒன்று இருக்கிறது. அது மசக்கை. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் பச்சைப்புளிக்கு ஏங்கும் நிறைசூலிகளை மழைமேகத்துக்கு உவமை சொல்கிறார். புறநானூற்றின் 20ஆம் பாடல் சேரனைப் புகழும்போது, உன் மண்ணைச் சூலுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ணமாட்டார்கள் என்கிறது. இன்றும் அப்படித்தான். "வாய்க்கு என்ன வேணும், சொல்லும்மா" என்று ஊரே கேட்கும். மாங்காய் வரும், சாம்பல் வரும், நள்ளிரவில் புரோட்டாகூட வரும். பிள்ளை பிறந்த மறுநாள் அந்தக் கேள்வி நின்றுவிடும். பத்தியச் சோறு வந்து உட்காரும். கேட்கப்பட்டது அவள் நாக்கை அல்ல, வயிற்றில் இருந்தவரை.

மற்ற பருவங்களில் அவள் வாய்க்குள் என்ன போக வேண்டும் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். வயதுக்கு வந்தவுடன் மூக்கைப் பிடித்து நல்லெண்ணெயும் பச்சைமுட்டையும். இடுப்புக்கு நல்லது என்று உளுந்தங்களி. உளுந்தங்களி பிடித்தவர்கள் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடிக்கிறதா என்று கேட்டுத் தந்தவரை நான் கண்டதில்லை. மணமான பெண் பப்பாளிப் பக்கம் போகக் கூடாது, அன்னாசி கூடாது, எள்ளுருண்டை கூடாது. பழக்கடையில் நிற்கும்போதும் அவள் கருப்பை முன்னால் நிற்க வேண்டும். கணவன் இறந்தால் இன்னொரு பட்டியல். புறநானூறு 246இல் பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் சோற்றை விவரிக்கிறாள்: நெய்யில்லாத நீர்ச்சோறு, எள்துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. அதைவிடத் தீயே மேல் என்கிறாள். 248இல் சிறுமியாய் இருந்தபோது தழையாடை தந்த ஆம்பல், கணவன் போனபின் புல்லரிசியாகி வந்து சேர்கிறது. வெள்ளைப்புடவை குறைந்துவிட்டது என்று மகிழ்கிறோம். வெங்காயமும் பூண்டும் துறந்து ஒருவேளைப் பலகாரத்தோடு முடங்கிய பாட்டிமார்கள் மறைந்து அதிக காலம் ஆகவில்லை.

திருமணத்தில் பெயரின் முதலெழுத்து மாறுவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நாக்கு மாறுவதைப் பற்றிப் பேசவில்லை. தேங்காய்ப்பால் சொதியில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண் கொங்கு நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் அரிசிம்பருப்பு அவளுக்கு விருந்தாக இருக்கலாம், ஒரு வாரத்துக்கு. பிறகு அவளுடைய ருசி வீட்டுக்குள் எப்போது வரும்? "எங்க வீட்ல இப்படித்தான்" என்ற ஒரே வாக்கியத்தில் இருபத்தைந்து ஆண்டுக் கைப்பக்குவம் பரணுக்குப் போகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்கிறார்கள். உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போன மாமியாரை எனக்குக் காட்டுங்கள்.

இது நாக்கோடு நிற்பதில்லை, இரத்தத்தில் தெரிகிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. மாதவிடாயும் மகப்பேறும் காரணம் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் ஈரலும் முட்டையும் கீரையும் முதலில் யார் தட்டுக்கு வந்திருக்க வேண்டும்?

எதிர்க்கேள்விகள் தெரியும். "அவள் அன்பினால் விட்டுக்கொடுக்கிறாள், அதைப்போய்க் கணக்குப் பார்ப்பதா?" விட்டுக்கொடுக்க முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். இல்லாததை விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொள்வது பொய்க்கணக்கு. அன்பு என்றால் ஒருநாளாவது திசை மாறி வந்திருக்க வேண்டும். மகன் கதுப்பைத் தள்ளிவைத்துவிட்டு "எனக்குக் கொட்டைதான் பிடிக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஒருவேளைச் சோற்றுக்கே வழியில்லாதவர்கள் இருக்கும் நாட்டில் பிடித்தது பிடிக்காதது என்று பேசுவது வசதிக்காரர் பேச்சு." இதுவும் சரியில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டம் பசிக்காக வந்தது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் நாள்தோறும் ஒரே சாம்பார் சாதம் போடுவதற்குப் பதிலாகக் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் சோதனை முறையில் வந்தன. ஏழைப் பிள்ளைக்கும் நாக்கு உண்டு, அலுப்பு உண்டு என்று ஓர் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்குப் புரிந்தது வீட்டுக்குப் புரியவில்லையா?

மூன்றாவது கேள்வியை நானே எழுப்புகிறேன். 'பிடிக்காது' என்ற சொல் இந்த மண்ணில் எப்போதும் யோக்கியமாக இருந்ததில்லை. மாட்டுக்கறி உண்பவர் பக்கத்தில் உட்கார மறுப்பவரும், கருவாடு வறுத்தால் வீட்டைக் காலிசெய் என்பவரும், "எனக்கு அந்த வாசனை பிடிக்காது" என்றுதான் சொல்கிறார்கள். அது நாக்கு பேசுவதல்ல, சாதி பேசுவது. பிரித்தறிவது கடினமில்லை. என் தட்டோடு நின்றால் அது என் ருசி. உன் தட்டைத் தள்ளிவைக்கச் சொன்னால் அது தீண்டாமை. வீட்டில் மிச்சத்தையும் தெருவில் முகச்சுளிப்பையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிற தலித் பெண்ணுக்கு, "இது என் சாப்பாடு, எனக்குப் பிடிக்கும்" என்று சொல்வது ருசியைவிடப் பெரிய காரியம்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமைதான் இதில் எனக்கு முதன்மையானது. பெண்குழந்தை தட்டைத் தள்ளினால் "அன்னத்தை அவமதிக்காதே, போற வீட்டுல இதெல்லாம் நடக்காது" என்று வாயில் திணிக்கிறோம். தம்பி தள்ளினால் முட்டை பொரிக்க எழுந்து போகிறோம். கத்தரிக்காயை வேண்டாம் என்று சொல்லப் பழகாத பெண், இருபத்திரண்டு வயதில் ஒரு வரனை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அத்துமீறும் கையை வேண்டாம் என்று தட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தச் சொல்லை அவள் எங்கே பழகுவாள்?

ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பனங்கிழங்கு பிடிக்கும், நார் பல்லில் சிக்கினாலும். கொடுக்காப்புளியில் இனிக்கிற சிவப்பைவிடத் தொண்டையை இறுக்கும் துவர்ப்புதான் பிடிக்கும். பப்பாளி பிடிக்கும். நெத்திலிக் கருவாடு பிடிக்கும். சப்போட்டா பிடிக்காது, மணலை மெல்வதுபோல் இருக்கிறது. ரவா உப்புமா பிடிக்காது, எவ்வளவு முந்திரி போட்டாலும். பால்பாயசம் பிடிக்காது, எந்தத் தெய்வத்தின் பிரசாதமாக இருந்தாலும். இவற்றுக்கு மருத்துவச் சீட்டு எதுவும் என்னிடம் இல்லை. பிடிக்கவில்லை என்பதே முழுக் காரணம்.

நீங்களும் ஒரு தாளை எடுங்கள். பிடித்தவை ஐந்து, பிடிக்காதவை ஐந்து எழுதுங்கள். பிள்ளைக்கு ஆகும் என்பதால், அவருக்கு இஷ்டம் என்பதால், விரதம் என்பதால், உடம்பு குறைய வேண்டும் என்பதால் வந்து சேர்ந்தவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியது இரண்டோ மூன்றோதான் என்றாலும் கவலையில்லை. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அம்மாவுக்கும் ஒரு தாள் கொடுங்கள். "எதுன்னாலும் சரி" என்பார். விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். நாலைந்து நாள் ஆகலாம். எழுதி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பார்த்து அப்பாவையும் அண்ணனையும் சமைக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் படிக்கத் தெரியாத ஆண்கள் இன்று அநேகமாக இல்லை.