நடக்காததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணமா?

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்: "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." மாத்திரை அன்றைக்கே வாங்கியாச்சு. நடக்கத்தான் இடம் கிடைக்கவில்லை!

எங்கள் வீட்டிலிருந்து மார்க்கெட் பத்து நிமிட நடை. ஆனால் பிளாட்பாரத்தில் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து வரிசையாக பைக்குகள், அதையும் தாண்டினால் மூடி உடைந்த வடிகால். ரோட்டில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஹாரன். ஒரு நாள் கால் தடுக்கி விழுந்துவிட்டார். அன்றிலிருந்து மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ, நடைக்கு மொட்டை மாடி. மழை வந்தால் அதுவும் கிடையாது.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விலை ஏறினால் தேவை குறையும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. நடப்பதற்கு டிக்கெட் கிடையாதுதான், ஆனால் விலை உண்டு: பயம், புழுதி, சுளுக்கு. தெரு அந்த விலையை ஏற்றினால் ஜனங்கள் நடையைக் குறைக்கத்தான் செய்வார்கள்.

1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உட்கார்ந்தே வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. அவர்களை ஏறி இறங்க வைத்தது பஸ்ஸின் படிக்கட்டு. நமக்குத் தெருதான் அந்தப் படிக்கட்டு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிடம், திரும்பப் பத்து நிமிடம் வேகமாக நடந்தால், ஆறு நாளில் 120 நிமிடம் வந்துவிடும். ஆனால் 2024-ல் வெளியான கணக்குப்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை. பாதி நாடே சோம்பேறியா என்ன?

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. காகிதத்தில் இருப்பது எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதைப் பாண்டி பஜாரில் பார்த்தேன். 2019-ல் அங்கே அகலமான நடைபாதை திறந்தார்கள். மாடியில் பத்து சுற்றுக்கே அலுத்துக்கொள்ளும் அம்மா, அங்கே கடை கடையாகப் பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டார்!

"பிளாட்பாரத்தை அகலப்படுத்தினால் வண்டியை எங்கேடா நிறுத்துவது?" என்று நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் அவனும் நடக்கத்தானே வேண்டும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் வரை என் பைக்கும் அந்த வரிசையில்தான் நின்றது. இப்போது தெருக்கோடியில், காசு கொடுத்து நிறுத்துகிறேன். ஒரு பைக் போனதால் அம்மாவுக்கு வழி கிடைத்துவிடவில்லை. மற்றதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும். கேட்க வேண்டியது நாம்.

நீங்கள் கடைசியாக எப்போது மார்க்கெட்டுக்கு நடந்து போனீர்கள்?