கிதாரும் திருப்புளியும்



பாஸ்குத் திருவிழாவிற்குப் பத்து நாட்கள் இருக்கையில், எம் பாடகர் குழு இளைஞன் ஒருவனின் தந்தை என்னைக் காண வந்தார். விசைத்தறியில் உழைத்துச் சேமித்த பணத்தில் மகனுக்கு மின்கிதார் வாங்கிக் கொடுத்தவர் அவர். "சாமி, பையன் கம்பிகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுத் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார்.

அக்கிதார் தலைப்பக்கத்து மெட்டுகளில் இனிமையாகவும், உடலை நோக்கிச் செல்லச் செல்லச் சுருதி விலகியும் ஒலிப்பதை நானும் சில வாரங்களாகக் கவனித்திருந்தேன். (வீணையில் நாம் மெட்டு என்பதைத்தான் கிதார்க்காரர்கள் பிரெட் என்கிறார்கள்.) பழுது பார்ப்பவரோ மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறார். அவர் கூலி தந்தையின் பல நாள் ஊதியம். திருவிழாவிற்கு முன் கருவி திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை.

தந்தையின் அச்சம் நியாயமானதே. எனினும் நான் மகனின் பக்கமே சாய்ந்தேன், முழுவதுமாக அன்று.

இவ்வகைக் கிதாருக்கு முன்மாதிரியான ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வெளிவந்தது. அதனை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கவே அறியாதவர். ஆகவேதான் போலும், கழற்றவும் பூட்டவும் எளிதாக அதனை அமைத்தார். கழுத்து திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டுள்ளது. ஆறு கம்பிகளுக்கும் தனித்தனியே ஒரு சிறு தாங்கி; அதனை உயர்த்தலாம், தாழ்த்தலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதை உடையவன் தொடக்கூடாது என்று எவ்வாறு சொல்வது?

இளைஞனை அழைத்து, முதலில் புதிய கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்க்கச் சொன்னேன். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவிசையோடு கழுத்தை வளைக்கின்றன. அந்த இழுவிசை இல்லாத கழுத்தை அளப்பது வீண். பின்பு தடித்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாம் மெட்டின் மேலுள்ள இடைவெளியைப் பார்த்தோம். அது கால் மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். அளக்கும் தகடுகளைத் தெருமுனை மோட்டார் மெக்கானிக்கிடம் இரவல் பெற்றோம். இடைவெளி மிகுதியாயிருந்தது. கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகை ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து அளக்கச் சொன்னேன். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் கூடாது. அது முறிந்தால் விரற்பலகையையே பெயர்க்க நேரிடும்.

கம்பிகளின் உயரத்தைப் பதினேழாம் மெட்டில் 1.6 மில்லிமீட்டராக அமைத்த பின்னரே சுருதிக் குற்றத்திற்கு வந்தோம். பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் நடுப்பகுதி. அங்கே விரலால் மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அழுத்தும்போது கம்பி சற்று நீண்டு இறுகுவதால் ஒலி உயர்கிறது; அதனை ஈடுசெய்யவே தாங்கியைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்டுகிறோம். ஒலி தாழ்ந்திருந்தால் முன்னுக்கு நகர்த்த வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தமையால் என் காதுகளை நம்ப வேண்டிய அவசியம் நேரவில்லை. அதற்காக நன்றி செலுத்தியவர்கள் பாடகர் குழுவினர்!

இவை யாவும் தவறினால் திருப்பி வைக்கக் கூடியவை. ஆனால் தலைப்பக்கத்தில் கம்பிகள் படிந்து செல்லும் 'நட்' என்னும் சிறு கட்டையின் மேல் அவன் அரத்தை வைத்தபோது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குருமடத்தில் படிக்கையில் பொதுக் கிதாரின் அந்தக் கட்டையை நானே அராவியவன். பள்ளம் மயிரிழை ஆழமாகிவிட்டது. கம்பி முதல் மெட்டில் உரசி ஈப்போல ரீங்காரமிட்டது. அடியில் காகிதத்தை மடித்துச் செருகி ஓராண்டு ஒப்பேற்றினோம். குற்றவாளி யாரென்று அதிபர் தந்தை கேட்டபோது, நான் உடனே எழுந்து நின்றேன் என்று சொல்ல இயலாது. அராவிய எலும்பு மீண்டும் வளர்வதில்லை. தேய்ந்த மெட்டுகளைச் சமப்படுத்துவதும் அவ்வாறே. அவற்றிற்குப் பழகிய கையும் அதற்குரிய அரங்களும் வேண்டும். அந்தக் கூலியில் பேரம் பேசுவது முறையன்று.

மின்னோட்டத்தைப் பற்றியும் அவனிடம் கண்டிப்பாகவே சொன்னேன். கிதாரின் கம்பிகள் வடத்தின் வழியே ஒலிபெருக்கிப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. பெட்டிக்கு முறையான நில இணைப்பு இல்லையெனில், வாசிப்பவனின் உதடு ஒலிவாங்கியைத் தொடும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம். எங்கள் பெட்டியின் மூன்றுமுனைச் செருகியில் நில முனையை யாரோ ஒடித்திருந்தார்கள். அன்றே மின்பணியாளரை வரவழைத்தோம்.

பாஸ்கு இரவில் கிதார் சுருதியோடு ஒலித்தது. இரண்டாம் கம்பி மட்டும் நட்டில் சற்று உயரமாகவே நிற்கிறது. முதல் மெட்டில் விரல் நோகிறதாம். பள்ளி விடுமுறையில் தந்தையும் மகனுமாக நகரத்துப் பேருந்தில் ஏறப் போகிறார்கள். பழுது பார்ப்பவர் அராவும்போது அருகில் நின்று பார்க்க அனுமதிப்பாரா என்று கேட்டுச் சொல்லும்படி பையன் என்னை நச்சரித்துக் கொண்டிருக்கிறான்.