குடிலுக்கு வரவேண்டிய படுவான்கரையார்

வடகீழ்ப் பருவமழை கொட்டி வாவி நிறைந்து, முகத்துவாரத்தை எப்போது வெட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் மார்கழி நாட்களில், மட்டக்களப்புத் தேவாலயங்களில் நத்தாருக்கான பாலன் குடில்கள் எழும்புகின்றன. அவற்றுள் பலவற்றில், மழையில் ஊறிய கிடுகுக் கூரையின்மேல் பஞ்சைப் பனியாகத் தூவி, அதன்கீழே சிவந்த கன்னமும் அழுக்குப்படாத அங்கியுமாக அச்சில் வார்த்த இடையர் சுரூபங்களை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நான் அழைக்கும் சாட்சியோ, மெய்யாகவே பனி பெய்கிற தேசத்தில், ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட ஒரு பலிபீடச் சித்திரம்.

புரூஜ் நகரில் மெதிச்சி வங்கியின் முகவராயிருந்த தொம்மாசோ போர்த்தினாரி என்னும் தனவந்தருக்காக, கெந்த் நகரத்து ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸ் 1470களில் அதை மரப்பலகைமீது எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார். மடக்கக்கூடிய இரு பக்கப் பலகைகளையும் விரித்தால் ஏறக்குறைய ஆறு மீற்றர் அகலம். கடல்வழியே சென்று 1483 மே மாதத்தில் புளோரன்ஸை அடைந்து, போர்த்தினாரியின் முன்னோர் நிறுவிய ஆஸ்பத்திரியின் கோயிலில் பிரதிஷ்டையான அது, இன்று அந்நகரின் உஃபீசி சித்திரசாலையில் இருக்கிறது. பிறந்த நாட்டிலேயே தங்கியிருந்தால், 1566இல் சீர்திருத்த மதத்தார் கோயில்தோறும் புகுந்து சுரூபங்களை உடைத்தபோது அதன் கதி என்னவாகியிருக்குமோ! அந்த மார்க்கத்தைச் சேர்ந்த ஒல்லாந்தரே 1638இல் நமது புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள். அவர்களிடமிருந்து நமக்குக் கோட்டைதான் மிஞ்சியது, சித்திரம் அல்ல.

அச்சித்திரத்தில் குழந்தை தொட்டிலிலோ வைக்கோலிலோ இன்றி, வெறுந்தரையில் ஆடையின்றிக் கிடக்கிறது. முன்னால் ஒரு கோதுமைக் கட்டு. பக்கத்தில், மருந்துச் சாடி ஒன்றிலும் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குவளையிலும் பூக்கள். யோசேப்பின் அருகே கழற்றிவைத்த மரப்பாதணி ஒன்று கிடக்கிறது. கோயில் வாசலில் செருப்பைவிட்டுப் போகும் நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. வலப்புறத்தில் மூன்று இடையர். ஒருவர் கைகூப்பி மண்டியிட்டிருக்க, மற்றொருவர் குனிந்து நிற்க, மூன்றாமவர் அப்போதுதான் ஓடிவந்தவராய், வாய்பிளந்து, பல் தெரிய, முன்னிற்போருக்கு மேலாகக் கழுத்தை நீட்டி எட்டிப்பார்க்கிறார். முகம் வெயிலில் கறுத்தது. கை வேலையில் தடித்தது. பொருள் கொடுத்த போர்த்தினாரி புதல்வரோடு இடப்பக்கப் பலகையில் முழந்தாளிட்டிருக்கிறார். நடுப்பலகையில் இடம் பெற்றவர்கள் இந்த இடையர்களே. இதுவே அச்சித்திரத்தின் துணிவு என்பேன். புளோரன்ஸ் நகரத்து ஓவியர் கிர்லாந்தாயோ இவர்களைக் கண்டு வியந்து, 1485இல் தாம் முடித்த சித்திரத்திலும் இத்தகைய இடையரையே வரைந்தார்.

நம்மிடம் இத்தகையோர் இல்லையா? பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கும் மாதங்களில், பயிரைக் காக்கும்பொருட்டு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மயிலத்தமடு, மாதவனை முதலிய மேய்ச்சல் தரைகளுக்குப் போய், பட்டியருகே மழையிலும் இருளிலும் காவலிருப்போர் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்தார். நத்தார் இரவில் சுவிசேஷம் கூறியபடியே வெளியில் தங்கி மந்தையைக் காப்பவர்கள் இம்மாவட்டத்தில் இவர்கள்தாம். அத்தரைகளில் அத்துமீறிப் பயிரிடுவதை எதிர்த்து அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதையும் வாசகர் அறிவர். அவர்களிற் பெரும்பாலோர் சைவராயிற்றே என்று ஆட்சேபிப்போர் உண்டு. பெத்லகேம் இடையரும் கிறிஸ்தவரல்லரே!

சுதேசச் சாயல் பூசினால் பக்தி குறையும் என்ற அச்சமும் வேண்டாம். கண்டி டிரினிட்டிக் கல்லூரி ஆலயச் சுவரில் ஓவியர் டேவிட் பெயின்டர் தாடியில்லாத கிறிஸ்துவைக் கண்டல் மரங்களிடையே சிலுவையில் வரைந்தார்; அங்கே வழிபாடு நின்றுவிடவில்லை. நமது வாவிக்கரையிலும் கண்டல் உண்டு, களிமண் உண்டு, அதைப் பிசைந்து உருவாக்கத் தெரிந்த கைகளும் உண்டு. ஆகவே இவ்வாண்டு குடில் கட்டப்போகும் பங்கு இளைஞருக்கு என் விண்ணப்பம் இது: பஞ்சுப் பொதியைக் கடையிலேயே விட்டுவிட்டு, சேற்றுக்காலோடு, சாரத்தை மடித்துக்கட்டி, தலையில் துவாயோடு நிற்கும் ஒரு மாட்டுக்காரரைச் செய்து, குழந்தைக்கு மிக அருகில் வையுங்கள், கூடுமானால் அத்தகைய ஒருவரை அழைத்துவந்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.