காரணம் வேறு, பழி வேறு

குடம் ஒன்று தோன்றுதற்கு மண்ணும் திரிகையும் குயவனும் வேண்டும் என்பது சைவ சித்தாந்த வகுப்பிலே நாம் கற்ற பாடம். மூன்றில் ஒன்று குறையினும் குடம் இல்லை. இவ்வெளிய உண்மையை நோய்களைப் பற்றிப் பேசும்பொழுது மறந்துவிடுகின்றோம். நோயுற்றவனைக் கண்டதும், காரணத்தை ஆராயுமுன் அவன் ஒழுக்கத்தை ஆராயப் புகுகின்றோம். இஃது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது என்பதே எமது துணிபு. கபோசி சார்கோமா என்னும் புற்றுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதியோர் சிலரின் தோலிலே கருஞ்செந்நிறக் கட்டிகளாகத் தோன்றும் இந்நோயை 1872 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் மோரிட்ஸ் கபோசி விவரித்தார். ஐரோப்பாவில் அஃது அரிதாகவே காணப்பட்டது. ஆபிரிக்காவின் சில பகுதிகளிலோ சிறுவரையும் பற்றியது. 1981 ஜூலை மாதத்தில், நியூயோர்க்கிலும் கலிபோர்னியாவிலும் தன்பாற் சேர்க்கையாளரான 26 ஆடவர்க்கு இந்நோய் கண்டதென்ற அறிக்கை வெளிவந்தது. உடனே, இஃது ஒழுக்கக்கேட்டின் பயன் எனப் பலர் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

ஆராய்ச்சியாளர் அத்துடன் அமையவில்லை. 1983 இல் எச்.ஐ.வி. வைரசு அறியப்பட்டது. எனினும், இரத்தமேற்றியதனால் அவ்வைரசைப் பெற்றோரிடம் இப்புற்றுநோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே வேறொரு கிருமியும் உண்டென ஊகித்தனர். 1994 இல் யுவான் சாங், பற்றிக் மூர் தம்பதியர் அதனைக் கண்டுபிடித்தனர். அது ஹெர்ப்பீஸ் இனத்து வைரசு; உமிழ்நீர் வழியாகவும் பரவுவது. ஆபிரிக்காவிலே பலர் குழந்தைப் பருவத்திலேயே அதனைப் பெறுகின்றனர். அக்குழந்தைகள்மேல் யாது பழி சுமத்துவோம்?

அவ்வைரசு உள்ளோருட் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். உடலின் நிர்ப்பீடன சக்தி தளரும்போதே அது தலையெடுக்கின்றது. எச்.ஐ.வி. அதனைத் தளர்த்தும், முதுமையும் தளர்த்தும், மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க வைத்தியர் கொடுக்கும் மருந்தும் தளர்த்தும். அம்மருந்தைக் குறைத்தாற் கட்டிகள் பலருக்குச் சுருங்குகின்றன. ஆனாற் சிறுநீரகத்தை இழக்கும் அபாயம் உண்டு. 2005 இல் இத்தாலிய வைத்தியர், மருந்தை மாற்றிச் சிரோலிமசு கொடுத்துச் சிறுநீரகத்தையுங் காத்து நோயையுந் தணித்தனர். எச்.ஐ.வி. உள்ளோர்க்கு 1996 முதல் கூட்டு மருந்துகள் பயன்பட்டமையால், அவை கிடைத்த நாடுகளில் இப்புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. காவல் மீண்டதும் கள்வன் ஒடுங்கினான்.

அங்ஙனமாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையோ எனின், உண்டு. முன்னெச்சரிக்கையைக் கற்பித்தல் பெரியோர் கடன். தன்னையும் பிறரையும் காத்தல் ஒவ்வொருவர் கடன். ஆயின், நோய் வந்தபின் தூற்றுதல் எவரையும் குணப்படுத்தியதில்லை. தூற்றலுக்கு அஞ்சியவன் பரிசோதனைக்குச் செல்லான். தோலிற் கண்ட கட்டியைச் சட்டையால் மறைப்பான். அந்தத் தாமதத்திலேதான் உயிர் போகின்றது. மருந்து உள்ள நோய்க்கும் நாணத்தினால் ஒருவன் இறப்பானாயின், அப்பழி நம்மைச் சாரும்.

இம்மலரை வாசிக்கும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராவர். எல்லோரும் எவரேனும் ஒரு நோயாளிக்கு உறவினராவர். அந்நாளில் காரணத்தைத் தேடுங்கள், பழியைத் தேடாதீர்கள்.